என் பித்தப்பை செய்த நல்ல காரியம்

ஊசி போடுகிறவளுக்கு யாராவது ஊசி போட வந்தால் அவள் எப்படி நடந்துகொள்வாள் என்று தெரிய வேண்டுமானால் என் மகள் ஜெனியைக் கேட்க வேண்டும். சேலத்துத் தனியார் மருத்துவமனையில் ஒரு சின்னப் பெண் என் கையில் நரம்பு தேடியபோது, "அங்க இல்ல கண்ணு, இந்தப் பக்கமாப் பாரு. அப்படிப் படுக்க வெச்சாப்புல குத்தோணும்" என்று பாடம் நடத்தினேனாம். குத்தியதும் "ஐயோ சாமி" என்று வார்டுக்கே கேட்கும்படி கத்தினேனாம். பத்தாம் வகுப்புப் படிக்கிற ஜெனி இதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் சொல்வதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. கொஞ்சம்தான்.

நான் ஏற்காடு மலையில் கிராம சுகாதாரச் செவிலியர். ரோஸ்லின் என்ற என் பெயரை ரேஷன் கார்டிலும் சர்ச்சிலும்தான் பார்க்கலாம். மலையில் எல்லோருக்கும் நான் நர்ஸக்கா. மஞ்சக்குட்டையில் வீடு. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் என் பொறுப்பு. கர்ப்பமானவர்களைப் பதிவு செய்ய வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், நாள் நெருங்கியவர்களை மலையிறக்கி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், பெற்று வந்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். இதுதான் வேலை. எனக்கு மிகவும் பிடித்த வேலை. பிடித்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. அதற்கு எல்லை எங்கே என்று நமக்கே தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் போன் வரும். சர்ச்சில் முழங்காலிட்டால் போன் வரும். "அக்கா, காலு வீங்குது", "அக்கா, பாப்பா பச்சையா வெளிக்கிப் போவுது" என்று.

என் கணவர் தேவராஜ் மஞ்சக்குட்டைக்கும் ஒண்டிக்கடைக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். அதிகம் கோபப்படாத மனிதர். ஆனால் வாய் சும்மா இருக்காது. "எங்கூட்டுக்காரி என்னையத் திரும்பிப் பாக்கோணும்னா நானும் மாசமாத்தான் இருக்கோணும் போலிருக்குது" என்று ஜீப்பில் வருகிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

வயிற்று வலி எனக்குப் பல மாதமாகவே இருந்தது. எண்ணெய்ப் பலகாரமோ பிரியாணியோ சாப்பிட்ட ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறும். கேஸ் என்று நானே முடிவு செய்து, அசிடிட்டி மாத்திரையை நானே போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண், "அது தொக்கமுங்க. தின்னது உள்ள சிக்கிக்கிச்சு. தொண்டைல ஊதித் தொக்கம் எடுத்தாச் செரியாப் போயிரும்" என்றாள். தாய்மார் கூட்டத்துக்குக் கூட்டம் தொக்கம் எடுக்காதீர்கள் என்று தொண்டை கிழியப் பேசுகிறவள் நான். அவளிடமும் ஒரு மூச்சுப் பேசினேன். பேசி முடித்துவிட்டு இன்னொரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டேன். பரிசோதிக்காமல் செய்யும் வைத்தியத்தில் தொக்கம் என்ன, மாத்திரை என்ன! ஊருக்குத்தானே உபதேசம்.

ஒரு தடுப்பூசி நாளில் மாட்டிக்கொண்டேன். அங்கன்வாடியில் குழந்தைகளும் தாய்மாருமாக நெருக்கமான கூட்டம். ஒரு குழந்தைக்குச் சொட்டு மருந்து ஊற்றிவிட்டு நிமிர்ந்தேன்; நிமிர முடியவில்லை. வாந்தி வந்தது. வியர்த்துக் கொட்டியது. அத்தனை தாய்மாரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் எனக்கே திருப்பிச் சொன்னார்கள். "எடது பக்கமாப் படுங்கக்கா." "மூச்ச நல்லா இழுத்து விடுங்கக்கா." பிரசவத்துக்குச் சொன்ன பாடத்தைப் பித்தப்பைக்கு நடத்தினார்கள். அவர்களில் ஒருத்தி தேவராஜுக்குப் போன் போட்டாள். ஜீப்பில் ஏறியிருந்தவர்களை ஒண்டிக்கடையில் அப்படியே இறக்கிவிட்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் வயிற்றுக்குள் இருந்ததும் சேர்ந்து திரும்பியது.

மருத்துவமனையில் காத்திருப்பது ஒரு தனி நோய். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், எதிரே இருப்பவர் நம்முடைய நோயை நம்மிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே நோயில் செத்துப்போன தன் சொந்தக்காரர் கதையைச் சொல்வார். எனக்கும் ஒருவர் சொன்னார். தேவராஜ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்கு நர்ஸு சம்சாரம் இருந்துருக்காதுங்க" என்றார். என்ன ஆறுதலோ.

ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் குளிர்ச்சியான பசையைத் தடவி, கருவியை வைத்து உருட்டி, உள்ளே இருப்பதைத் திரையில் பார்ப்பது. எத்தனையோ பெண்களை இதற்கு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பசை இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்த அறுவை சிகிச்சை மருத்துவர் என்னைவிட வயதில் சின்னவர். சுருக்கமாகப் பேசுகிற அம்மா. படத்தைக் காட்டி விளக்கினார். ஈரலுக்கு அடியில் சிறு கத்தரிக்காய் அளவில் ஒரு பை. அதுதான் பித்தப்பை. ஈரல் சுரக்கிற பித்தநீரைச் சேர்த்து வைத்திருந்து, எண்ணெய் கொழுப்பு சாப்பிடும்போது சுருங்கி வெளியே தள்ளும். அந்த நீர் இறுகிக் கல்லாகிவிட்டால், சுருங்கும்போது கல் போய்ப் பையின் வாயை அடைக்கும். வலி அதனால்தான். எனக்குப் பை வீங்கிச் சீழ் பிடிக்கப் பார்த்தது.

"மிளகு மிளகா நெறையக் கல் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"நம்ம தோட்டத்துல காய்க்காத மொளகு இங்க காச்சிருக்குது பாரு" என்றார் தேவராஜ். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் வலித்தது.

முதலில் சில நாள் ஊசி மருந்து கொடுத்து வீக்கத்தைக் குறைக்க வேண்டும். பிறகு, வீட்டுக்கு அனுப்பாமலே, வயிற்றில் சிறு துளைகள் போட்டு அதன் வழியே பையையே எடுத்துவிட வேண்டும் என்றார். கல்லை மட்டும் எடுத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்களாம். பை இருக்கிற வரை கல் வரும். பை இல்லாமலும் மனிதர் வாழலாம். ஈரலில் இருந்து பித்தநீர் நேராகக் குடலுக்குப் போய்விடும்.

"வீட்டுக்குப் போயிட்டு இன்னொரு பத்து நாள் கழிச்சு வரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

எதற்கு என்றால், ராசாத்திக்கு.

ராசாத்தி எங்கள் எல்லையில் கடைசி ஊரில் இருக்கிறாள். பஸ் போகாத இடம். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மாமியாரோடு தனியாக இருக்கிறாள். முதல் பிரசவத்தில் குழந்தை பிறந்த பிறகு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது. பிழைத்தது ஆஸ்பத்திரியால்தான் என்று நமக்குத் தெரியும். அவளுக்கோ ஆஸ்பத்திரி என்றாலே அந்த ரத்தம்தான் ஞாபகம். இந்த முறை, "ஊட்டுலயே பெத்துக்கறன். மலையெறங்க மாட்டன்" என்று ஒரே பிடி. மாதக்கணக்காகப் பேசிப் பேசி, "நர்ஸக்கா கூட வந்தாத்தான் வருவன்" என்கிற இடம் வரைக்கும் கொண்டு வந்திருந்தேன். அவளுக்கு நாள் நெருங்கிவிட்டது. கடைசி முறை பார்த்தபோது ரத்த அழுத்தம் லேசாக ஏறத் தொடங்கியிருந்தது. நான் இங்கே படுத்துவிட்டால் அவள் அங்கே வீட்டிலேயே படுத்துவிடுவாள். ரத்தம் மறுபடி நிற்காமல் போனால் அந்த ஊரிலிருந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தக் கல்லுல ஒண்ணு நழுவிக் கீழ போய்க் கணையத்துக் குழாய அடைச்சா, உங்களுக்காக யாரு மலையெறங்கணும்?" என்றார். வார்டில் சேர்ந்துகொண்டேன். மாரமங்கலம் பக்கத்துச் செவிலியர் என் எல்லையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நல்ல பெண். ராசாத்தி வீட்டுக்கும் போனாள். ராசாத்தி கதவைத் திறக்கவே இல்லையாம்.

வார்டில் நாட்கள் மெதுவாகப் போயின. வாய் வழியாக ஒன்றும் கிடையாது. கையில் சலைன் ஏறும். பசிக்கும்போது பக்கத்துக் கட்டிலில் இட்லிப் பொட்டலம் பிரிக்கிற சத்தத்தைப் போலக் கொடுமை உலகத்தில் இல்லை. வீட்டில் ஜெனி சமைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ரசம் வைத்ததாகப் பெருமையாகச் சொன்னாள். "ரசந்தானா அது?" என்று அவள் அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டேன். "குடிச்சன். உசுரோட இருக்கறன்" என்றார்.

என் போனை அவர் பிடுங்கி வைத்துக்கொண்டார். பிடுங்கியவர் சும்மா அணைத்து வைத்திருக்கலாம். வந்த அழைப்புக்கெல்லாம் தானே பதில் சொல்லத் தொடங்கினார். இத்தனை வருஷம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நான் போனில் பேசியதைக் கேட்டுக் கேட்டு, எல்லாம் அவருக்கு மனப்பாடம். "இரும்புச் சத்து மாத்திரைய டீயோட முழுங்கக் கூடாதும்மா. எலுமிச்சம்பழச் சாறு குடிச்சு முழுங்கு" என்று ஒருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன். தப்பே இல்லை. "நீர் ஒடைஞ்சிருச்சா? பேசிட்டு இருக்காத, போன வெச்சுட்டு மொதல்ல நூத்தியெட்டுக்குக் கூப்புடு." அதுவும் சரிதான். தப்பு ஒரே ஒரு இடத்தில்தான் நடந்தது. ஜீப் ஸ்டாண்டுப் பெரியவர் ஒருவர் இடுப்பு வலி என்று கூப்பிட்டிருக்கிறார். இவர், கர்ப்பிணிகளிடம் பிள்ளைத் துடிப்பு பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்து, நிதானமாக, "எடது பக்கமாப் படுத்துக்கிட்டு, துடிப்பு எத்தன தடவன்னு எண்ணிப் பாருங்க" என்றிருக்கிறார். பெரியவரும் படுத்துக்கொண்டு வெகுநேரம் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாராம். மறுநாள் அவரே பார்க்க வந்து சொன்னதால் எனக்குத் தெரிந்தது. வலி குறைந்துவிட்டதாம்.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் போய்ப் பார்க்காமல் இருக்கக் கூடாது. கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள்; நோயில் கிடந்தவரைப் பார்க்காதவரோடு பேச்சு வார்த்தையே நின்றுபோகும். அதிலும் நம்மை வந்து பார்த்தவரை நாம் போய்ப் பார்ப்பது கடன் மாதிரி. நான் எத்தனை வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்! அத்தனை வீடும் கிளம்பியது. தேவராஜ் ஜீப்பை நிறைத்துக்கொண்டு வந்தார். கமலா ஆரஞ்சு, பலாப்பழம், ஒரு நாள் உயிரோடு ஒரு கோழி. காவலாளி கோழியை மட்டும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். வந்தவர்கள் சும்மாவும் போகவில்லை. "அப்புடியே இவளுக்கு வவுத்தப் பாருங்கக்கா" என்று மருமகளை முன்னால் தள்ளினார்கள். சலைன் ஏறுகிற கையை ஒதுக்கி வைத்துவிட்டு மறு கையால் பார்த்தேன். வார்டு செவிலியர், "இது அறுவை சிகிச்சை வார்டா, கர்ப்பிணி வார்டா?" என்று என்னைத்தான் திட்டினாள்.

எல்லோரும் வந்தார்கள், ராசாத்தி வரவில்லை. அவள் வரவும் கூடாது, நிறை மாதம். ஆனால் அறுவைக்கு முந்திய நாள் மாலையில் தேவராஜ், "கொஞ்சம் வேலை இருக்குது, மேல போயிட்டு வந்தர்றன்" என்று கிளம்பினார். பெண்டாட்டியைக் கத்திக்குக் கொடுத்துவிட்டு மனுஷனுக்கு என்ன வேலை என்று எனக்கு எரிச்சல்.

மறுநாள் காலையில் பச்சை கவுன் போட்டுவிட்டு, கம்மல் மூக்குத்தி எல்லாம் கழற்றி ஜெனியிடம் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தேன். கதவு திறந்தது. மாமியாரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல அசைந்து ராசாத்தி உள்ளே வந்தாள். கையில் ரொட்டிப் பாக்கெட். பின்னால் தேவராஜ், ஒன்றும் தெரியாத முகத்தோடு.

அவர் செய்தது என்னவென்று பிறகு மாமியாரே சொன்னாள். ஆஸ்பத்திரி, பிரசவம், ரத்த அழுத்தம் என்று ஒரு வார்த்தை பேசவில்லையாம். திண்ணையில் உட்கார்ந்து, "ஊரே வந்து அவளப் பாத்துட்டுது. ராசாத்தி மட்டும் வல்லீங்களேன்னு கேட்டுட்டே இருக்கறா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நான் கேட்கவே இல்லை; பச்சைப் பொய். வாயும் வயிறுமாக இருக்கிறவள் ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகக் கூடாது என்றுதான் மாமியார் முதலில் சொல்லியிருக்கிறாள். பிறகு அவளே மனம் மாறி, "உனக்கு ராப்பகலா உக்காந்திருந்தவ. பாக்கப் போவலீன்னா நாளைக்கி அவ மூஞ்சியில எப்படி முழிப்ப?" என்று மருமகளைக் கிளப்பியிருக்கிறாள். என் பேச்சு இத்தனை மாதம் செய்யாததை என் பித்தப்பை ஒரே வாரத்தில் செய்துவிட்டது. ராசாத்தி மலையிறங்கிவிட்டாள்.

"நல்லா இருக்கறீங்களாக்கா?" என்று கேட்டாள்.

நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே ஊதியிருந்தது. பாதத்தில் செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வந்திருந்தாள். "தலை வலிக்குதா கண்ணு?" என்றேன். நேற்றிலிருந்து வலிக்கிறது என்றாள். வார்டு செவிலியரைக் கெஞ்சி ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னேன். பார்த்தவள் என்னைத் திட்டவில்லை. எண்ணை எழுதி என்னிடம் காட்டினாள்; மிக அதிகம். நிறை மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி, முகமும் காலும் வீங்கி, தலையும் வலித்தால் அடுத்து வலிப்பு வரலாம். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் சேர்க்க வேண்டும்.

"நீங்க வந்தா வர்றங்க்கா" என்றாள் ராசாத்தி, எதிர்பார்த்தபடியே.

என்னைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் ஸ்ட்ரெச்சரோடு வாசலில் நின்றார்கள். நான் எழுந்து உட்கார்ந்து, சலைன் குழாயைக் கழற்றச் சொன்னேன். "ஆப்ரேசன் நாளைக்கு வெச்சுக்கலாங்க" என்றேன். டாக்டரம்மாவுக்குச் சேதி போய், அவரே வந்துவிட்டார்.

"சொன்ன பேச்சு கேக்காத கர்ப்பிணிப் பொண்ணு ஒருத்தின்னு சொன்னீங்களே, இவங்கதானா?" என்றார்.

"ஆமாங்க."

"நீங்க கேக்கறீங்களா?"

ராசாத்தி என்னையும் டாக்டரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, ரகசியம் போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏனுங்க்கா, கத்திக்குப் பயந்துக்கிட்டா எங்கூட வாரேங்கறீங்க?" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. எனக்குப் பயமாக இருந்தது. வயிற்றில் துளை போடுவார்கள், மயக்கத்தில் நான் எழுந்திருக்காமலே போய்விடுவேன், ஜெனி ரசம் வைத்துக்கொண்டே வளர்வாள் என்று நாலு நாளாக உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ராசாத்தியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தால் என்னைப் பற்றி நினைக்க வேண்டாம். கவலை பொய்யில்லை. ஆனால் ஒளிந்துகொள்ளவும் நல்ல இடமாக இருந்தது. இத்தனை வருஷ வேலையில் எத்தனை முறை அப்படி ஒளிந்திருப்பேனோ, யார் கண்டது.

"ஆமாண்டி, பயமாத்தான் இருக்குது" என்றேன். அழுகை வந்துவிட்டது.

ராசாத்தி என் கையைப் பிடித்தாள். "எனக்குந்தான் இருக்குது. நீங்க அந்த வண்டில ஏறுங்க, நான் ஜீப்புல ஏறறன். நீங்க போனாத்தான் நான் போவன்."

பேரம் படிந்தது. தேவராஜிடம், "நீங்க அவகூடப் போங்க. போன பிரசவத்துல ரத்தம் போனத மறக்காமச் சொல்லுங்க. ரத்த குரூப் சொல்லுங்க" என்று நான்தான் அனுப்பினேன். அவர் ஒரு நிமிஷம் தயங்கி, என் நெற்றியில் கை வைத்துவிட்டுப் போனார். மயக்க மருந்து கொடுத்தவர் எண்ணச் சொன்னார். இடது பக்கமாகப் படுத்து எண்ணிய பெரியவர் ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டே மயக்கத்துக்குள் போய்ச் சேர்ந்தேன்.

கண் விழித்தபோது தொண்டை வறண்டு, வயிற்றில் நெருப்பு. தோள்பட்டையும் வலித்தது. துளை வழியே பார்ப்பதற்காக வயிற்றுக்குள் காற்றை நிரப்புவார்கள். அது முழுக்க வெளியேறும் வரை தோளில் வலி தெரியுமாம். அந்த நேரத்தில் அதெல்லாம் தெரிந்து என்ன பயன்! நான் தேடியது அவரை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஜெனி மட்டும் இருந்தாள்.

"அப்பா எங்க?"

"ராசாத்தியக்கா கூட இருக்கறாரும்மா. இப்ப வந்துருவாரு. நீ தூங்கு" என்றாள், சர்வ சாதாரணமாக.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் என்னைப் பற்றி அவர் அவளிடம் சொல்லி வளர்த்த வாக்கியம். அம்மா இன்னாரோடு இருக்கிறாள், இப்ப வந்துருவா, நீ தூங்கு. அதைக் கேட்கிற இடத்தில் நான் அதுவரை படுத்ததில்லை. நானே அனுப்பிய மனிதர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எனக்கு வலிக்கும்போது என்னுடன் இல்லாமல் ஊரான் பெண்டாட்டியோடு அவருக்கு என்ன வேலை! காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், காத்திருக்கிறவருக்குக் காலியாகக் கிடக்கிற ஸ்டூல்தான் தெரிகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். மருந்து மயக்கம் என்று நினைத்து, அவள் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய அவர் வந்தார். சட்டை கசங்கி, முகம் நிறையச் சிரிப்பு. பெண் குழந்தை. அறுவை செய்து எடுத்தார்கள். ரத்தம் தயாராக வைத்திருந்தார்கள், அதிகம் தேவைப்படவில்லை. ராசாத்தியின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் எடை, பிறந்ததும் அழுதது, பால் குடித்தது எல்லாம் நான் மேலதிகாரிக்குச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். பிள்ளைக்கு அப்பா என்று நினைத்து ஒரு செவிலியர் இவரைப் பிடித்துக் கையெழுத்துக் கேட்டு, இவர் பதறிப்போனதையும் சொன்னார். "நான் ஜீப்பு டிரைவருங்கன்னன். அப்ப டிரைவர் வேலைய மட்டும் பாருங்கன்னுட்டாங்க."

"தலை வலி நின்னுருச்சா? வலிப்பு வராம இருக்க ஊசி போட்டாங்களா? இன்னிக்கு ராத்திரி யாரு கூட இருக்கறா?" என்று நான் அடுக்கினேன்.

"அதெல்லாம் அங்க இருக்கறவிங்க பாத்துக்குவாங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உனக்கு எப்படி இருக்குது?"

பரவாயில்லைங்க என்றுதான் வழக்கமாகச் சொல்வேன். "நொம்ப வலிக்குதுங்க. நீங்க இல்லைன்னு கோவமாவும் இருக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, செவிலியர் விரட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், போன் மணி அடிக்காமல் அவ்வளவு நேரம் நாங்கள் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

பில்லுக்கு என் காப்பீடு இருந்தது. அதைக் கொண்டு சமாளித்தோம். கற்களை ஒரு சிறு பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். அதை அவர் ஜீப் டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு, "ஏற்காட்டு மொளகு, வேணுங்களா?" என்று டூரிஸ்டுகளைக் கேட்கிறார் என்று கேள்விப்பட்டு, பிடுங்கி வீசினேன். மலையேறும்போது வயிற்றில் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் தன் ஆயுளில் அவ்வளவு மெதுவாக அந்த மலையில் வண்டி ஓட்டியதில்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து அடித்துச் சலித்துப்போனார்.

நான் வேலையை விட்டுவிடவில்லை, விடவும் மாட்டேன். மாரமங்கலத்துச் செவிலியரும் நானும் பேசி, ஒரு ஞாயிறு அவள், ஒரு ஞாயிறு நான் என்று வைத்துக்கொண்டோம். அவளுக்கும் வீட்டில் ஒரு புருஷன் இருக்கிறான் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. சாப்பிடும்போது வருகிற போனை இப்போதும் தேவராஜ்தான் எடுக்கிறார். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலித்தால், நீங்கள் நர்ஸாகவே இருந்தாலும் போய் ஒரு ஸ்கேன் எடுங்கள்.

என் விடுப்பின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளறையில் படுத்திருந்தேன். வாசலில் பேச்சுக் குரல். பிள்ளைக்கு ஒரு மாதம் கழிந்ததும் ராசாத்தி தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். முறைப்படி அவளை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவள் நான்.

"அக்கா என்ன பண்றாங்க? ஓய்வா இருக்கறாங்களா, இல்ல சுத்திட்டு இருக்கறாங்களா? அதப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தன்" என்றாள்.

"தூங்கறாம்மா. எழுப்பட்டுமா?" என்றார் தேவராஜ்.

"வேண்டாம், வேண்டாம், தூங்கட்டும். நான் இங்கியே உக்காந்துக்கறன்."

நான் தூங்கவில்லை. கால் தன்னால் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழுதது. இந்த மலையில் எந்தக் குழந்தை எதற்கு அழுகிறது என்பது அழுகையைக் கேட்டாலே எனக்குத் தெரியும். அது பசி அழுகை. அதற்கான வைத்தியம் ராசாத்தியிடமே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது. நான் காலை மறுபடி போர்வைக்குள் இழுத்துக்கொண்டு புரண்டு படுத்தேன்.